டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்வதா, எலெக்ட்ரானிக்குக்கு மாறுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். 1960களில் வந்த நான்கு சிலிண்டர் கார், உள்ளே லூகாஸ் கம்பெனியின் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகம்). காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. ஓடிச் சூடான பிறகு அணைத்தால் மறுபடி பிடிக்க அடம் பிடிக்கிறது. 3000 ஆர்பிஎம்முக்கு மேல் போனால் விட்டு விட்டு மிஸ் அடிக்கிறது. பாயிண்டும் (கரண்ட்டைச் சேர்த்து அறுக்கும் சுவிட்ச்) கண்டென்சரும் (அதோடு சேர்ந்த மின்தேக்கி) போன மாதம்தான் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். மெக்கானிக் ஒருவர் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் மாட்யூல் மாட்டச் சொல்கிறார், நண்பர் பாயிண்டை விடாதே என்கிறார், இதற்கு நடுவில் முழுப் புது டிஸ்ட்ரிபியூட்டரே வாங்கிவிடலாமா என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கிறது. மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது: இப்போது இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் கெட்டிருப்பது எது? அது தெரியாமல் மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான்.

பழைய கார்களின் இக்னிஷன் வேலையை இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிறேன். எலெக்ட்ரானிக் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. என்னிடம் இருக்கும் இரண்டு பழைய கார்களில் ஒன்று பாயிண்டில் ஓடுகிறது, இன்னொன்று மாட்யூலில் ஓடுகிறது. இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஏனென்றால் இரண்டிலும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட்டில் (நடுத்தண்டில்) ஆட்டம் இல்லை. நான் சொல்ல வருவது இதைச் சுற்றித்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஒரே டப்பாவுக்குள் மூன்று வேலை நடக்கிறது. காயிலுக்குப் போகும் கரண்ட்டைச் சரியான நொடியில் அறுத்துவிடுவது ஒன்று. எஞ்சின் வேகத்துக்கும் பளுவுக்கும் தக்கபடி அந்த நொடியை முன்னே பின்னே நகர்த்துவது இரண்டாவது. காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்புவது மூன்றாவது. பாயிண்டுக்குப் பதிலாக நீங்கள் மாட்டப்போகும் எலெக்ட்ரானிக் மாட்யூல் முதல் வேலையை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் பழைய ஷாஃப்ட், அதைத் தாங்கும் பழைய புஷ், பழைய ஸ்பிரிங், மேல்மூடியான பழைய கேப் ஆகியவற்றின் கையிலேயே இருக்கும். அவை தேய்ந்திருந்தால் மாட்யூலால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஏற்பாடு சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தது. 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அடிப்படை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிரைமரி சுற்றில் கரண்ட் ஏறிக் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. பிரைமரியில் சில நூறு வோல்ட் எழும்புகிறது, செகண்டரியில் அது பல ஆயிரமாகப் பெருகுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி, அதாவது 1500 சுற்றுதான் சுற்றும். ஆனாலும் பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடவேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் கிடைக்கும் மொத்த அவகாசம் 10 மில்லிசெகண்ட். காயில் நிரம்ப அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். வேகம் ஏற ஏற அதுவும் குறையும். குறைந்த வேகத்தில் மறைந்து கிடக்கும் கோளாறெல்லாம் 3000க்கு மேல் வெளியே தலைகாட்டுவது இதனால்தான்.

முதலில் ஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கேப்பையும் ரோட்டாரையும் (ஷாஃப்ட்டின் தலையில் சுற்றிப் பொறியைப் பங்கிடும் துண்டு) கழற்றிவிட்டு, ஷாஃப்ட்டின் தலையை இரண்டு விரலால் பிடித்து அழுத்தமாக இடவலமாக அசையுங்கள். பாயிண்டின் இடைவெளியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அசைக்கவேண்டும். 25டி4க்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அது மொத்தமே இவ்வளவுதான் என்னும்போது, புஷ் தேய்ந்து ஷாஃப்ட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே கால்வாசி இடைவெளி போய்விடும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அரைநாள் மெனக்கெட்டு அமைத்த அளவுக்கு அப்புறம் ஒரு பொருளும் இருக்காது. ஷாஃப்ட் சுற்றும்போது ஒவ்வொரு லோபுக்கும் (பாயிண்டைத் திறக்கும் கேமின் மேடு) வேறு வேறு இடத்தில் திறக்கும். ஷாஃப்ட்டைச் சுழற்றிப் பார்க்கும்போது லேசான எதிர் முறுக்கு தெரியும். அது ஸ்பிரிங், இருக்கவேண்டியது. அதை ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது பக்கவாட்டு அசைவு மட்டும்.

விரல் சொல்வதை டுவெல் மீட்டரால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். டுவெல் என்பது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம். 25டி4க்கு அது 60 டிகிரி, மூன்று டிகிரி இப்படி அப்படி இருக்கலாம். (அடுத்து வந்த 45டி4க்கு 51. இரண்டையும் குழப்பிக்கொண்டு அமைப்பவர்கள் நிறைய.) வேக்கம் குழாயை (எஞ்சினின் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவருவது) கழற்றி அடைத்துவிட்டு ஐடிலிங்கில் டுவெல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக 2000, 2500 என்று ஏற்றுங்கள். முள் இரண்டு மூன்று டிகிரிக்குள் நின்றால் ஷாஃப்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு மேல் அலைந்தால் புஷ் போயிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். டுவெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் தருணம்) கிராங்க் கணக்கில், அதாவது எஞ்சின் சுற்றும் கணக்கில், சுமார் ஒரு டிகிரி மாறும். பாயிண்ட் இடைவெளியை அமைத்த பிறகுதான் டைமிங் பார்க்கவேண்டும் என்ற வரிசையும் இதிலிருந்து வருவதுதான். தலைகீழாகச் செய்தால் முதல் வேலையை இரண்டாவது வேலை கெடுத்துவிடும்.

அடுத்தது, பலரும் செய்யாமல் விடுகிற ஒரு சோதனை. மல்டிமீட்டர் ஒன்று போதும், இரண்டே நிமிடம். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனைப் போட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பாயிண்டின் முகத்தில் எண்ணெய் படிந்திருக்கலாம், புது பாயிண்டில் பூசியிருக்கும் துருத்தடுப்பு மெழுகைத் துடைக்காமல் மாட்டியிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் எர்த் வயர் அறுந்திருக்கலாம். ஒரு விஷயம், இக்னிஷனைப் போட்டபடியே மறந்துவிட்டுப் போகாதீர்கள். காயிலும் பாயிண்டும் சூடேறிக் கெடும்.

அந்த எர்த் வயரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு வேக்கம் இழுக்கும்போது சற்றே சுழலும். அதையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலையும் இணைப்பது துணி சுற்றிய ஒரு சின்னப் பின்னல் வயர். வருடக்கணக்கில் வளைந்து வளைந்து துணிக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியில் பார்த்தால் முழுசாகத் தெரியும். ஒருவர் இரண்டு கார்புரேட்டர் மாற்றிய பிறகு என்னிடம் காரைக் கொண்டுவந்தார். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஒரே சீராகப் போகும்போது மட்டும் குலுக்கும், முழுக்க மிதித்தால் சரியாகிவிடும். எரிபொருள் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் தோன்றியது. வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை நகர்த்திக்கொண்டே மீட்டரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தட்டு நகர்ந்ததும் எர்த் அறுந்து அறுந்து சேர்ந்தது. முழுக்க மிதிக்கும்போது வேக்கம் இல்லாமல் தட்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடும், கோளாறும் மறைந்துவிடும். விரலளவு நீளம்கூட இல்லாத வயர் அது. வெளியிலிருந்து உள்ளே வரும் எல்டி (குறைந்த மின்னழுத்த) வயருக்கும் இதே நோய் வரும். இரண்டையும் மாற்றும்போது பல இழைகள் கொண்ட மென்மையான வயராகப் பாருங்கள். சாதாரண விறைப்பான வயர் போட்டால் தட்டின் அசைவையே அது தடுத்துவிடும்.

சூடானால் பிடிக்காத கதைக்கு வருவோம். இதுதான் நான் தொலைவிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாத இடம். கண்டென்சர், காயில், ரோட்டார் மூன்றும் சூட்டில் மட்டும் காலை வாரக்கூடியவை. கார்புரேட்டரிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகிப் போவதும் அச்சாக இதே அறிகுறியைத்தான் காட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது இன்னும் சுலபமாக நடக்கும். பிரித்தறிய ஒரே வழி, அடம் பிடிக்கும் அந்த நேரத்திலேயே பொறியைப் பார்ப்பது. காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்கு வரும் ஹெச்டி (உயர் மின்னழுத்த) கேபிளைக் கழற்றி, காப்புள்ள இடுக்கியால் பிடித்து, எஞ்சின் உலோகத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் வாடை வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நீலமாக, சட் சட் என்று தாவினால் காயில், கண்டென்சர், பாயிண்ட் மூன்றும் தப்பித்தன. ரோட்டாரையும் பெட்ரோலையும் சந்தேகப்படுங்கள். மஞ்சளாக நூல் போல வந்தால், அல்லது வரவே இல்லையென்றால், கண்டென்சரோ காயிலோதான்.

புது கண்டென்சர் என்பதால் அதை விலக்கிவிடாதீர்கள். பழைய கார் வேலையில் என்னை அதிகமாக ஏமாற்றிய பொருள் புது கண்டென்சர்தான். அதன் கொள்ளளவு 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் சுற்றில் இருக்கவேண்டும். மீட்டரில் அந்த அளவு சரியாகவே காட்டும், ஆனால் சூட்டில் சில நூறு வோல்ட் ஏறும்போது உள்ளே கசியும். மீட்டர் அந்தச் சூட்டையும் வோல்ட்டையும் கொடுப்பதில்லையே. எளிய சோதனை ஒன்று உண்டு. நம்பகமான இன்னொரு கண்டென்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே, காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் வயரை இணைத்து, அதன் உடலை நல்ல எர்த்தில் பிடிக்க வையுங்கள். உள்ளே இருப்பதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மின்சுற்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடம்தான். கோளாறு போய்விட்டால் கண்டென்சரை அப்படியே வெளியில் விட்டுவிடலாம். எஞ்சின் சூடு குறைவாகப் படும் இடம் அது. நான் பல கார்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.

ரோட்டாரிலும் இதே சங்கதி. மேலே பித்தளைத் தகட்டைப் பிடிக்க ரிவெட் அடித்த சில ரோட்டார்களில் அந்த ரிவெட்டின் அடிப்பகுதி ஷாஃப்ட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் மட்டும். கேப்பின் முனைக்குத் தாவவேண்டிய பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்து நேராக ஷாஃப்ட்டில் இறங்கிவிடும். முதலில் அதிக வேகத்தில் மட்டும் மிஸ் அடிக்கும், பிறகு ஒரு நாள் வண்டி நின்றே போகும். உங்கள் அறிகுறிகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சோதிக்கக் கேப்பைத் திறந்து, ரோட்டாரை அதன் இடத்திலேயே வைத்து, ஹெச்டி கேபிளின் நுனியை ரோட்டாரின் நடுத்தகட்டுக்கு மேல் சிறிது உயரத்தில் பிடித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ரோட்டாருக்குப் பொறி தாவினால் அது எர்த் ஆகிறது என்று அர்த்தம், தூக்கிப் போடுங்கள். ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டார்கள் கிடைக்கின்றன, சிவப்பு நிறத்தில் வருபவை பழைய கார்க்காரர்களிடையே பிரபலம். கேப்பைப் பொறுத்தவரை, நடுவில் இருக்கும் கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு அசைகிறதா, உள்ளே பென்சிலால் கோடு போட்ட மாதிரி கருந்தடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்தத் தடம் இருந்தால் துடைத்துப் பயன் இல்லை, மாற்றவேண்டும்.

காயிலைச் சந்தேகப்பட்டால் பிரைமரியின் ஓம் அளவைப் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் காயில் 3 ஓமைச் சுற்றி இருக்கும். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்கு முன்னால் கரண்ட்டைக் குறைக்கும் தடை) ஓடும் காயில் 1.5 ஓம். ரெசிஸ்டர் இல்லாத காரில் யாராவது 1.5 ஓம் காயிலை மாட்டியிருந்தால் கரண்ட் இரண்டு மடங்காகும், பாயிண்ட் ஒரு மாதம்கூடத் தாங்காமல் கருகும். பாயிண்ட் அடிக்கடி தீய்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். காயிலின் இரண்டு முனைகள் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாறியிருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கின் குளிர்ந்த பக்கத்திலிருந்து பொறி தாவவேண்டியிருப்பதால் கூடுதல் வோல்ட் கேட்கும். பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தது) இருந்து பின்னாளில் நெகட்டிவ் எர்த்தாக மாற்றிய கார்களில் இந்தத் தவறு சர்வசாதாரணம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, அட்வான்ஸ், அதாவது பொறியை முன்னே நகர்த்துவது. பெட்ரோல் கலவை எரிய ஏறக்குறைய ஒரே அளவு நேரம் எடுக்கும். பிஸ்டன் மட்டும் வேகமாக ஓட ஆரம்பித்துவிடும். அதனால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே விடவேண்டும். பாயிண்ட் தட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு எடைகள் சுழற்சியில் விரிந்து கேமை முன்னோக்கித் தள்ளுவது இதற்காகத்தான். அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒன்று மெல்லியது, இன்னொன்று தடித்தது. தடித்தது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். கோளாறு என்று நினைத்து அதை இறுக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆரம்ப வேகத்தில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் வேலை செய்து அட்வான்ஸ் வேகமாக ஏறும், பிறகு தடித்தது சேர்ந்துகொண்டு ஏற்றத்தை மட்டுப்படுத்தும். லூகாஸில் எடைகள் இருக்கும் தட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். 10 என்று இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் அதிகபட்சம் 10 டிகிரி, கிராங்க் கணக்கில் 20. எண் வேறாக இருந்தால் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் வேறு எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம். ஐம்பது அறுபது வருடம் ஓடிய கார்களில் அது அபூர்வம் அல்ல.

வேக்கம் அட்வான்ஸ் வேறு. அது வேகத்தைப் பார்ப்பதில்லை, பளுவைப் பார்க்கிறது. லேசாக மிதித்துப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்து நிதானமாக எரியும், அப்போது பொறி இன்னும் முன்னால் வரவேண்டும். முழுக்க மிதித்தால் வேக்கம் மறைந்துவிடும், அட்வான்ஸும் விலகும். தட்டை இழுக்கும் வேக்கம் டப்பாவின் மேல் 5-13-10 போல மூன்று எண் இருக்கும். பாதரச அங்குலக் கணக்கில் 5இல் ஆரம்பித்து 13இல் முடியும், கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 10 டிகிரி. சோதிப்பது சுலபம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். தட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. தளர்ந்து திரும்பினால் கிழிந்திருக்கிறது. இது கெட்டால் வண்டி நிற்காது, பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும். அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை.

சோதனையில் புஷ் தேய்ந்தது தெரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றும் முன் ஒன்றாம் சிலிண்டரை அழுத்த நிலையில் டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உடலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பிறகு எஞ்சினைச் சுற்றாதீர்கள். ஷாஃப்ட்டின் அடியில் இருக்கும் நாக்கு நடுவிலிருந்து சற்று விலகி இருக்கும், எஞ்சினுக்குள் ஒரே ஒரு விதமாகத்தான் நுழையும். ஆனால் நாக்கைப் பிடிக்கும் பின்னை எடுத்துவிட்டுத் திருப்பி அடிக்கும்போது 180 டிகிரி மாற்றி மாட்ட முடியும். அப்படி மாட்டினால் எல்லாப் பொறியும் தப்பான சிலிண்டருக்குப் போகும். ஆகவே ரோட்டாரின் வெட்டுக்கும் நாக்குக்கும் உள்ள உறவையும் குறித்துக்கொள்ளவேண்டும். புது புஷ் நுண்துளைகள் கொண்ட வெண்கலம் என்றால் மாட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க மெல்லிய எண்ணெயில் ஊறவேண்டும். சுத்தியால் அடித்து இறக்காமல் பிரஸ்ஸிலோ வைஸிலோ நேராக அழுத்துங்கள். மழுங்கிய ரீமர் போட்டுத் துளைத்தால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும். ஷாஃப்ட்டே தேய்ந்து குழி விழுந்திருந்தால் புது புஷ்ஷால் பலன் குறைவு. அப்போது லேத் வேலை தெரிந்தவரிடமோ, இதையே தொழிலாகச் செய்பவரிடமோ கொடுப்பதுதான் சரி. வீட்டில் செய்ய நான் சொல்லமாட்டேன். பூட்டும்போது எடைகள் சுழலும் முளைகளில் ஒரு சொட்டு எண்ணெய், ரோட்டாருக்கு அடியில் ஷாஃப்ட்டின் தலையில் இரண்டு சொட்டு, கேமில் நகக்கண் அளவு கிரீஸ். அதற்கு மேல் போனால் பாயிண்டில் தெறிக்கும்.

ஷாஃப்ட் நன்றாக இருந்தால், அல்லது சரிசெய்த பிறகு, எலெக்ட்ரானிக் மாட்டலாமா? தாராளமாக. பெர்ட்ரானிக்ஸ் மாதிரியானவை காந்த வளையமும் ஹால் சென்சாரும் கொண்டவை, லுமெனிஷன் ஒளிக்கதிரை வெட்டுவதன் மூலம் வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தது. எதுவாக இருந்தாலும் பாயிண்டின் குதிகால் தேய்வதும் முகம் தீய்வதும் இனி இல்லை, டைமிங் மாதாமாதம் நகராது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கார் ஈரத்தில் பாயிண்ட் பூத்துப்போய்க் கிளம்ப மறுப்பதும் இல்லை. இவையெல்லாம் உறுதியான லாபம். பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்கிற பேச்சை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாக அமைத்த பாயிண்டுக்கும் மாட்யூலுக்கும் சாதாரண ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. தெரிந்தால் பழைய பாயிண்ட் அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டும் முன் நான்கு விஷயம் பாருங்கள். உங்கள் கார் இப்போது பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்பது முதலில். மாட்யூல் அதற்கென்றே செய்ததாக இருக்கவேண்டும், மாற்றி இணைத்தால் அந்த நொடியே தீர்ந்தது. காயிலின் ஓம் அளவு அடுத்தது. நான்கு சிலிண்டருக்கான அடிப்படை மாட்யூல்கள் பொதுவாக 3 ஓம் காயிலை எதிர்பார்க்கின்றன, குறைந்தால் சூடேறி எரிந்துபோகும். மூன்றாவது, மாட்யூலின் மின்சாரம் பேலஸ்ட் ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து வரவேண்டும், முழு 12 வோல்ட்டும் அதற்குத் தேவை. நான்காவது பலருக்கும் அதிர்ச்சி தருவது. டேஷ்போர்டில் ஸ்மித்ஸ் ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் அதில் ஆர்விஐ என்று அச்சிட்டிருக்கிறதா, ஆர்விசி என்றா எனப் பாருங்கள். ஆர்விஐ காயிலுக்குப் போகும் கரண்ட்டை எண்ணுகிறது, சில மாட்யூல்களோடு அது முரண்டு பிடிக்கும். ஹெச்டி கேபிளும் செம்புக் கம்பியாக இல்லாமல் தடையுள்ள வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் கேபிளிலிருந்து வரும் மின் இரைச்சல் மாட்யூலையே குழப்பும். எஞ்சின் ஓடாமல் இக்னிஷனைப் போட்டு வைக்கும் பழக்கமும் பழைய தலைமுறை மாட்யூல்களுக்கு ஆகாது.

முழுப் புது டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இரண்டு ரகம். 123 இக்னிஷன் போன்றவற்றில் எடையும் ஸ்பிரிங்கும் கிடையாது, அட்வான்ஸைச் சிப்பே கணக்கிடுகிறது. உங்கள் எஞ்சினுக்குரிய வளைவைத் தேர்ந்தெடுக்கலாம், சில மாடல்களில் நீங்களே வரையலாம். எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டோ கார்புரேட்டரோ மாற்றியிருந்தால் இதற்கு இணை இல்லை. இன்னொரு ரகம், பழையதைப் போலவே செய்து விற்கப்படும் நகல்கள். உடலும் ஷாஃப்ட்டும் புதிதாக இறுக்கமாக இருக்கும், ஆனால் உள்ளே பல எஞ்சினுக்கும் பொதுவான ஒரே அட்வான்ஸ் வளைவு இருக்கக்கூடும். வேக்கம் டப்பா இல்லாததை வாங்கினால் லேசான மிதிப்பில் தரவேண்டிய அட்வான்ஸ் கிடைக்காது. வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு வேக்கம் இல்லாத பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர் நினைவுக்கு வரும். சில கார்புரேட்டர்களோடு சேர்ந்தால் மிதித்தவுடன் ஒரு கணம் மூச்சு முட்டி நிற்கும், பல வருடம் அவர்களைப் படுத்தியெடுத்த தொல்லை அது. நல்ல உடலுள்ள அசல் 25டி4 கையில் இருக்கும்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நகல் வாங்குவதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் டைமிங் லைட்டைப் பிடிக்காமல் முடிக்காதீர்கள். வேக்கம் குழாயைக் கழற்றி அடையுங்கள். ஐடிலிங்கில் மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பொறி தாமதமாகும்). பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, குறி சீராக நகர்கிறதா, ஒரு கட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நான் ஐடிலிங்கை விட மேல்வேகத்து அளவுக்குத்தான் மரியாதை கொடுப்பேன். பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் அது 30 டிகிரியை ஒட்டி இருக்கும், உங்கள் எஞ்சினுக்கு மேனுவலில் இருப்பதே கணக்கு. குறி ஓர் இடத்தில் நிற்காமல் இரட்டையாக, மங்கலாக நடுங்கினால் ஷாஃப்ட் ஆட்டம் இன்னும் இருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சலசலவென்று நாக்கிங் கேட்டால் இரண்டு டிகிரி குறையுங்கள்.

உங்கள் காரில் நான் கை வைப்பதாக இருந்தால் இந்த வரிசையில்தான் போவேன்: முதலில் ரோட்டார், அடுத்து வெளியே ஒரு கண்டென்சர், அப்புறம் வோல்ட் சோதனை, அதன் பிறகு டுவெல். முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான். டுவெல் அலைந்தால் புஷ் வேலையை முடித்துவிட்டு மாட்யூலைப் பற்றி யோசிப்பேன், அலையாவிட்டால் இந்த வாரமே மாட்யூல் போட்டாலும் தப்பில்லை. மாட்யூல் போட்டால் பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் தட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஃபீலர் கேஜும் வைத்து டிக்கியில் போட்டுவிடுங்கள். மாட்யூல் இறந்தால் முன்னறிவிப்பு இல்லாமல்தான் இறக்கும். அந்த டப்பா இருந்தால் சாலையோரத்தில் இருபது நிமிடத்தில் வண்டி மறுபடி ஓடும்.